கடப்பாக்கத்தில் தூக்காத கொடி

அன்றைக்கு இருந்தவர்கள் இவர்கள்.

நடுவில் விசிலோடு ஒரு சார். அணு ஆராய்ச்சி ஆபீஸில் வேலை. ஊர் நாகர்கோவில் பக்கம். விதிப் புத்தகத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் டீ குடிப்பார்.

எதிர்க்கோட்டில் கொடியோடு ஒரு பி.டி. டீச்சர். செங்கல்பட்டில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை.

மேசையில் கால்பந்துச் சங்கத்துச் செயலாளர். ஒரு குடை, ஒரு தண்ணீர் பாட்டில், ரிப்போர்ட் தாள்.

கடப்பாக்கம் அணியின் கேப்டன் ஏழுமலை. மீன் பிடிக்கிற ஃபைபர் போட் ஒன்று சொந்தமாக வைத்திருந்தவன்.

அதே அணியில் பின்வரிசை ஆள் கன்னியப்பன். ஏழுமலையின் போட்டில் வலை இழுக்கிறவன். ஆறடி.

கன்னியப்பனின் அக்கா அஞ்சலை. ஆட்டம் பார்க்க வரவில்லை. வலை காயப்போட வந்தது.

கேளம்பாக்கம் அணியின் முன்வரிசைப் பையன். கம்ப்யூட்டர் ஆபீஸ். பெயர் மறந்துவிட்டது. கண்ணாடி இல்லாவிட்டால் தூரத்தில் இருப்பது தெரியாது என்று பிற்பாடு சொன்னான்.

கயிற்றுக்குப் பின்னால் ஊர் சனம். எண்ணவில்லை.

இந்தப் பக்கக் கோட்டில் நான்.

கோட்டு நடுவராக இந்த வருஷம் புதிதாகக் கொடி வாங்கியிருக்கிற உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சங்கத்தில் சொன்னார்கள். விதியெல்லாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். கையை எப்படித் தூக்குவது என்று படம் போட்ட தாளும் கொடுத்திருப்பார்கள். நான் எழுதப்போவது ஒரே ஒரு ஆட்டம். அதற்கு முந்தின வருஷம் திருப்போரூரில் நடந்ததைச் சொன்னால்தான் அது விளங்கும். அதனால் அங்கிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஆஃப்சைடு என்றால் என்ன என்று என் வீட்டில் கேட்டபோது நான் சொன்னது இதுதான். பந்தை ஒருத்தன் தட்டிவிடுகிறான். அந்த நொடியில் பந்தையும் தாண்டி முன்னால் அவன் ஆள் ஒருத்தன் நிற்கிறான். அவனுக்கும் கோல் கோட்டுக்கும் நடுவில் எதிரணியில் ரெண்டு பேர் இருக்க வேண்டும். கோல்கீப்பர் அதில் ஒருத்தராக இருக்கலாம். ரெண்டாவது ஆளுக்குச் சமமாக நின்றாலும் பரவாயில்லை. அவனையும் தாண்டி நின்று ஆட்டத்தில் தலையிட்டால் ஆஃப்சைடு. ஆகவே கோட்டில் இருக்கிற நாம் கடைசிக்கு முந்தின அந்த ஆளுக்கு நேராகவே ஓட வேண்டும். அவன் நின்றால் நிற்க வேண்டும், நகர்ந்தால் நகர வேண்டும்.

"இவ்ளோதானா?" என்றாள் என் மனைவி.

இவ்வளவுதான். இதைப் பிடிக்க எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

நான் கேளம்பாக்கம் கூட்டுரோட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டினேன். திருப்போரூர் வரைக்கும் போய் வருவேன். எட்டாவதோடு படிப்பு நின்றது. நடுவர் பரீட்சையில் ரெண்டு தடவை எழுத்தில் தவறி, மூணாம் தடவை வாயால் கேட்டு வாங்கினார்கள், பாஸானேன். விசில் கொடுக்கவில்லை. கொடி கொடுத்தார்கள். அது போதும் என்று இருந்தது.

ஆட்டோவில் நான் சொல்வதை யாரும் கேட்க மாட்டார்கள். உள்ளே தள்ளி உட்காருங்கள் என்று நாலு தடவை சொல்ல வேண்டும். கோட்டில் அப்படி இல்லை. ஒரு கையைத் தூக்கினால் இருபத்திரண்டு பேரும் நின்றார்கள். வாய் திறக்க வேண்டியதே இல்லை. பேசாமல் செய்கிற வேலை எனக்கு ஒத்து வந்தது.

ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் வீட்டுக்கு வந்து பீரோ கதவின் உள்பக்கம் பேனாவால் ஒரு கோடு போடுவேன். தேதி, ஊர் எதுவும் கிடையாது. கோடு மட்டும்.

திருப்போரூரில் அந்த வருஷம் அரையிறுதி. கடப்பாக்கமும் செங்கல்பட்டு அணி ஒன்றும். கோல் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. முடிய நாலு நிமிஷம் இருக்கும். கடப்பாக்கத்துப் பையன் ஒருத்தன் நடுவிலிருந்து நீளமாக ஒரு பந்து அடித்தான். முன்னால் அவர்கள் ஆள் ஒருத்தன் ரெண்டு கை நீளம் தாண்டி நின்றுகொண்டிருந்தான். கண்ணில் பட்டதும் கொடி மேலே போய்விட்டது. நான் தூக்கவில்லை, அதுவே போன மாதிரி.

தாண்டி நின்றவன் பந்தைத் தொடவே இல்லை. ரெண்டு கையையும் விரித்துக்கொண்டு ஒதுங்கிவிட்டான். சரியான இடத்திலிருந்து ஓடி வந்தது ஏழுமலை. அவன் பந்தை எடுத்தான். தப்பான இடத்தில் நிற்பது குற்றம் இல்லை, அங்கிருந்து ஆட்டத்தில் தலையிட்டால்தான் குற்றம். இது எனக்குத் தெரியும். பரீட்சையில் சொல்லியிருக்கிறேன். ஆனால் என் கொடியைப் பார்த்து விசில் ஊதியாகிவிட்டது. ஏழுமலை பந்தை வலைக்குள் போட்டபோது அது வெறும் உதை.

பெனால்டி வரைக்கும் போய்க் கடப்பாக்கம் தோற்றது. ஏழுமலை நேராக என்னிடம் வந்தான். கத்தவில்லை.

"இன்னா அண்ணாத்த, நீ ரயில்வே கேட்டா? வண்டி வரதுக்கு மின்னாடியே போட்டுர்ற."

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து அந்தக் கரை முழுக்க எனக்கு ரயில்வே கேட்டு என்றுதான் பெயர்.

கடப்பாக்கத்துக்காரர்கள் சங்கத்துக்குப் புகார் எழுதிக் கொடுத்தார்கள். செயலாளர் கூப்பிட்டு அனுப்பினார். நடுவர் பட்டியலை எடுத்து என் பெயருக்கு நேராகப் பேனாவை வைத்தார். எழுதவில்லை, வைத்தார். இன்னொரு புகார் வந்தால் பெயரை அடித்துவிடுவேன் என்றார். சரி சார் என்றேன். தப்பு என்னுடையது.

எட்டு மாசம் ஆட்டம் வரவில்லை. பீரோ கதவில் கோடு ஏறவில்லை. துணி எடுக்கும்போதெல்லாம் என் மனைவி அதைப் பார்ப்பாள். ஒரு நாள், "கதவுக்கு வேல இல்லாம போச்சே" என்றாள். கிண்டல்தான். ஆனால் அன்றைக்கு மத்தியானம் சோறு வைக்கும்போது வறுத்த மீன் ஒரு துண்டு கூடுதலாக வைத்தாள்.

அந்த எட்டு மாசத்தில் செங்கல்பட்டில் பள்ளிக்கூட ஆட்டம் ஒன்று பார்க்கப் போனேன். கொடி இல்லாமல், சும்மா. கோட்டில் அந்த பி.டி. டீச்சர். அவர் கொடி மெதுவாகத்தான் போகிறது. சோம்பேறித்தனமோ என்று முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால் ஒன்றுகூடத் தப்பவில்லை. ஆட்டம் முடிந்து கேட்டேன்.

"மனசுக்குள்ள ஒண்ணு, ரெண்டு எண்ணுவேன் அண்ணே. அப்பறம்தான் கை."

"அதுக்குள்ள கோல் ஆயிடுமே டீச்சர்."

"ஆவட்டுமே. ஆன கோல வேணாம்னு சொல்லிக்கலாம். நிறுத்தின ஆட்டத்த எப்படித் திருப்பி ஓட்டுவீங்க?"

நானும் எண்ணிப் பழகுவது என்று கிளம்பினேன்.

எண்ணிப் பழக எனக்கு மைதானம் இல்லை. ஆட்டோதான் இருந்தது. கூட்டுரோட்டில் ஆள் ஏறினதும் உடனே கிளப்ப மாட்டேன். ஒண்ணு, ரெண்டு. அப்புறம் கியர். கம்ப்யூட்டர் ஆபீஸ் பெண் ஒன்று தினம் ஏறும். ஒரு வாரம் பார்த்துவிட்டு, அண்ணா வண்டியில் ஏதாவது கோளாறா என்று கேட்டது. வண்டியில் இல்லம்மா என்றேன். ஒரு முறை நான் ரெண்டு சொல்வதற்குள் பின்னால் ஒரு கிழவர் கீழே போட்ட பையை எடுக்க இறங்கினார். கிளப்பியிருந்தால் விழுந்திருப்பார். அன்றைக்கு எனக்கு அந்த எண்ணிக்கையில் நம்பிக்கை வந்தது.

அடுத்த கோடையில் இறுதி ஆட்டம் கடப்பாக்கத்தில். கடப்பாக்கம், கேளம்பாக்கம். கோட்டுக்குப் போட்டிருந்த ஆள் முந்தின நாள் பைக்கில் விழுந்து கணுக்கால் வீங்கிப் படுத்துவிட்டார். டீச்சர் என் பெயரைச் சொன்னார். செயலாளர் போன் செய்தார். வேறு ஆள் இல்லை, அதனால்தான் என்றார். பேனா இன்னும் அங்கேதான் இருக்கிறது என்றும் சொன்னார். புரிந்தது.

யோசித்துப் பாருங்கள். ஆட்டம் நடக்கிற ஊர், என் மேல் புகார் எழுதிய ஊர். எதிரணி, நான் ஆட்டோ ஓட்டுகிற ஊர். போய் இறங்கினதும் கயிற்றுக்குப் பின்னாலிருந்து முதல் குரல் வந்தது.

"இன்னா கேட்டு, அவனுங்கள உன் ஆட்டோலயே ஏத்திகினு வந்துட்டியா?"

அப்படி ஏற்றி வரவில்லை. அவர்கள் வேன் வைத்து வந்தார்கள். நான் பஸ்ஸில் போனேன். இதைச் சொன்னால் யார் கேட்பார்கள். கொடியைப் பிரித்துத் துணியைச் சரிபார்த்தேன்.

மைதானம் கடலோரத்தில், பழைய கோட்டை ஒன்று இடிந்து கிடக்கிற பக்கம். ஒரு கோலுக்குப் பின்னால் சவுக்குக் கழி நட்டு மீன்வலை காயப்போடுகிற இடம். மீதி வலை கீழே குவியலாகக் கிடந்தது. நடுவர் சார் அடி வைத்து அளந்தார். கிட்டத்தில் இருக்கிறது, தள்ளிப் போடச் சொன்னார். ஏழுமலை நாலு பேரை விட்டு மூணு அடி தள்ளிப் போட்டான். சார் அந்தப் பக்கம் போனதும் அஞ்சலை வந்து, அங்கே நிழல் விழுகிறது, வலை காயாது என்று ரெண்டு அடி திரும்ப இழுத்துப் போட்டுவிட்டது. நான் பார்த்தேன். சாரிடம் சொல்லியிருக்க வேண்டும். ஊரோடு முதல் பேச்சே தகராறாக வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நீங்கள் விடாதீர்கள்.

முதல் பாதி சிரிப்பாகப் போயிற்று. மத்தியானக் கடல்காற்று. ஒரு ஆஃப்சைடுக்குச் சரியாகத்தான் தூக்கினேன். காற்று துணியைக் கொண்டுவந்து என் முகத்தில் சுற்றிவிட்டது. எந்தப் பக்கம் என்று காட்டக் கொடியைச் சாய்க்க வேண்டும், எனக்கோ கண்ணே தெரியவில்லை. சனம் கைதட்டியது. கடற்கரை மைதானத்தில் தூக்குவதற்கு முன்னால் காற்றைப் பார்த்து நில்லுங்கள்.

இன்னொன்றும் அங்கே கற்றேன். எப்போதும் என் கண் பின்வரிசையில் இருக்கும், பந்து தட்டுகிற சத்தத்தைக் காதில் வாங்குவேன். அப்படித்தான் பழக்கம். கடப்பாக்கத்தில் காற்று சத்தத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. பந்து போன பிறகு சத்தம் வருகிற மாதிரி இருந்தது. காதை விட்டுவிட்டுக் கண்ணைத்தான் அங்கும் இங்கும் ஓட்ட வேண்டியதாயிற்று.

ஏழுமலை ஒன்று போட்டான். கேளம்பாக்கம் ஒன்று போட்டது. ரெண்டாம் பாதி. கடப்பாக்கம் இப்போது வலைக்குவியல் பக்கத்துக் கோலைக் காத்தது. கொடிக்காரர் ஆளுக்குப் பாதி மைதானம், அது என் பாதி.

முடியப் பத்து நிமிஷம் இருக்கும். எதிர்ப்பக்கத்திலிருந்து கேளம்பாக்கம் ஆள் உயரமாக ஒரு பந்தைக் கோல் முன்னால் அனுப்பினான். நான் பந்தோடு கோல் கோடு வரைக்கும் ஓடினேன். கன்னியப்பன் தலையால் முட்டப் பாய்ந்தான். எட்டவில்லை. பாய்ந்த வேகத்தில் மணலில் சறுக்கி, கோல் கோட்டைத் தாண்டி, என் கண்ணுக்கு நேராக வலைக்குவியலுக்குள் போய் விழுந்தான்.

பந்து அவனையும் தாண்டி என் பக்கம் வந்தது. பெனால்டி பெட்டியின் விளிம்பில் இன்னொரு கேளம்பாக்கம் ஆள் அதை நிறுத்தினான். கடப்பாக்கம் ஆள் யாரும் பந்தைத் தொடவில்லை. ஏழுமலை "ஏறு, ஏறு" என்றான். எதிராளியை ஆஃப்சைடில் விட்டுவிடப் பின்வரிசை முழுக்க ஒரே தாவலாக நடுக்கோட்டுப் பக்கம் மேலே ஏறியது. நல்ல பழக்கம் உள்ள அணி. கோல் முன்னால் இப்போது ரெண்டே பேர். கீப்பர் கோட்டில் நிற்கிறார். அவருக்கு அஞ்சு அடி முன்னால் அந்தக் கம்ப்யூட்டர் ஆபீஸ் பையன்.

விளிம்பில் இருந்தவன் பந்தை அவனுக்குத் தட்டினான்.

ஒண்ணு.

என் கை கிளம்பிவிட்டது. உள்ளதைச் சொல்கிறேன். மாசக்கணக்கில் பழகியும் கிளம்பிவிட்டது. இடுப்பு வரைக்கும் வந்தது.

ரெண்டு.

வலைக்குவியல் ஆடியது. உள்ளே கன்னியப்பன்.

ஓட்டத்தில் கோட்டைத் தாண்டி வெளியே போகிற தற்காப்பு ஆள் கோல் கோட்டிலேயே நிற்பதாகத்தான் கணக்கு. ஆட்டம் நிற்கும் வரைக்கும், இல்லை அவன் அணி பந்தைப் பெட்டிக்கு வெளியே மேலே அனுப்பும் வரைக்கும். ரெண்டும் நடக்கவில்லை. அப்படியானால் கோட்டில் ஒருத்தன், கீப்பர் ஒருத்தர். ரெண்டு பேர். பையன் நிற்கிற இடம் சரி.

கை கீழே வந்தது.

பையன் பந்தை மெதுவாக உள்ளே தள்ளினான். அவனுக்கே அது ஆஃப்சைடு என்றுதான் நினைப்பு. கோல் போட்ட சந்தோஷம் ஒன்றும் முகத்தில் இல்லை. மன்னிப்புக் கேட்கிறவன் மாதிரி என் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

கோல் சரி என்றால் நாம் என்ன செய்ய வேண்டும்? கொடியைக் கீழே பிடித்துக்கொண்டு நடுக்கோட்டைப் பார்த்து ஓட வேண்டும். படத்தில் பார்க்க ரொம்ப எளிதாக இருக்கும். கயிற்றை ஒட்டி ஒரு ஊரே நின்று, "கேட்டு, தூக்கு, கேட்டு, தூக்கு" என்று கத்தும்போது ஓடிப் பாருங்கள். போன வருஷம் ஏன் தூக்கினாய் என்று கேட்ட அதே வாய்கள். அந்த நேரத்திலும் எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. முகத்தில் காட்டவில்லை.

இருபது அடி ஓடியிருப்பேன். ஏழுமலை குறுக்கே நின்றான். நடுவர் சாரும் வந்துவிட்டார்.

"சார், இவரு தூக்கினாரு. கையி இடுப்பு வரிக்கும் வந்துச்சு. நானே பாத்தேன். அப்பால எறக்கிட்டாரு. இன்னா சார் நாயம் இது?"

அவன் சொன்னது பொய் இல்லை. சார் என்னைப் பார்த்தார். ஏழுமலையைத் தள்ளிப் போகச் சொன்னார். அவன் ரெண்டடி தள்ளினான்.

"கை எழும்பிச்சா அண்ணே?"

இந்த இடம்தான். இல்லை சார், காற்று என்று சொல்லியிருக்கலாம். முதல் பாதியில் காற்று செய்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள். நம்பியிருப்பார்கள். மேசையில் செயலாளர் எழுந்து நிற்பது தெரிந்தது. கை எழுந்தது என்று சொன்னால் புகாருக்கு அதுவே போதும். அங்கேயே பெயரை அடிக்கலாம்.

"எழுந்துச்சு சார். அது என் தப்பு. கோல் சரி."

"எப்படி?"

"வலையில ஒருத்தன் கீறான் சார்."

சார் திரும்பிப் பார்த்தார். ஏழுமலை பார்த்தான். சனமும் கத்துவதை நிறுத்திவிட்டுப் பார்த்தது. குவியலுக்குள்ளிருந்து ஒரு பூட்ஸ் கால் மட்டும் வெளியே வந்து உதைத்துக்கொண்டிருந்தது. வலையில் கெளுத்தி மாட்டினால் எப்படி இருக்குமோ அப்படி. முள் ஒவ்வொரு கண்ணியிலும் சிக்கி, உதற உதற இன்னும் சுற்றிக்கொள்ளும். கன்னியப்பனுக்கு முள்ளுக்குப் பதில் பூட்ஸ் ஆணி. ஒரு காலுக்கு ஆறு.

நடுவர் சார் கோல் என்று நடுவைக் காட்டினார். அவ்வளவுதான், அணி முழுக்க அவரைச் சுற்றிக்கொண்டது. கயிற்றுக்குப் பின்னால் இருந்தவர்களில் பாதிப் பேர் உள்ளே வந்துவிட்டார்கள். டீச்சர் அந்தப் பக்கத்திலிருந்து ஓடி வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார்.

இதற்குள் யாரோ ஒரு பையன் கன்னியப்பனை எடுக்க மீன் வெட்டுகிற கத்தியோடு வலைப் பக்கம் போய்விட்டான். அஞ்சலை எழுந்தது.

"கத்திய கீழ போடு. அவன வேணா அறு. வலைய அறுத்த, கைய ஒடிச்சிருவேன்."

"யக்கா, காலு வலிக்கிது" என்றது குவியல்.

"சொம்மா கெட. ஆட்னா இன்னும் சுத்திக்கும். உனுக்குத் தெரியாது?"

முதலில் ஒருத்தன் சிரித்தான். அப்புறம் ரெண்டு பேர். ஏழுமலை சிரிக்கவில்லை. அவனுக்குக் கோப்பை போகிறது. அவன் சாரைப் பார்த்துக் கேட்டான், வெளியே விழுந்து கிடக்கிறவன் எப்படிக் கணக்கில் வருவான், அவன் ஆடவே இல்லையே என்று. சார் புத்தகத்தை எடுத்துப் பிரித்து, தற்காப்பு வீரர் ஒருவர் நடுவரின் அனுமதியின்றி என்று ஆரம்பித்தார். காற்று பக்கத்தைப் புரட்டிவிட்டது. யார் கேட்டார்கள்?

அஞ்சலை தலையைத் தூக்கவில்லை. மடியில் தம்பியின் காலை வைத்துக்கொண்டு ஆணி ஆணியாகக் கண்ணியை விடுவித்துக்கொண்டே பேசியது.

"ஏ ஏழுமல. போன மாசம் உன் தம்பி பாதிக் கடல்ல வாந்தி எடுத்துகினு வேற போட்ல கரைக்கு வந்தானே. அன்னிக்கு அவனுக்குப் பங்கு குடுத்தியா இல்லியா?"

"குடுத்தேன். அதுக்கும் இதுக்கும் இன்னா?"

"அவன்தான் வலையே இழுக்கலியே. ஏன் குடுத்த?"

ஏழுமலை குவியலைப் பார்த்தான்.

"போட்ல ஏறினான் இல்ல."

"இவனும் ஏறினவன்தான். கரைக்கு வந்து சேர்ற வரிக்கும் கணக்குல கீறான். போ, போயி ஆடு."

அந்தக் கரையில் அதுதான் வழக்கம். போட்டில் ஏறிப் புறப்பட்டவன் நடுவில் என்ன ஆனாலும் அன்றைய மீனில் அவனுக்குப் பங்கு உண்டு. போட் கரை ஏறினால்தான் கணக்கு முடியும். இதை மறுத்துப் பேச அங்கே ஒரு ஆள் இல்லை. கயிற்றைத் தாண்டி வந்தவர்கள் ஒவ்வொருத்தராகத் திரும்பிப் போனார்கள். நான் எத்தனையோ விதி வகுப்பில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த விதியை இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. நடுவர் சார் புத்தகத்தை மூடிப் பையில் வைத்தார்.

கன்னியப்பன் வெளியே வர ஏழு நிமிஷம் ஆயிற்று. வலையில் ஒரு கண்ணிகூட அறவில்லை. அவன் சாரிடம் கேட்டுவிட்டு உள்ளே வந்தான். வந்ததும் என்னைப் பார்த்து, "அண்ணாத்த, நீ பாத்துகினே இருந்தியே, ஒரு கை குடுத்து இழுத்திருக்கலாம் இல்ல?" என்றான். கையில் கொடி இருந்ததுடா என்றேன்.

மீதி ஆட்டத்தில் கடப்பாக்கம் போராடியது. ஏழுமலை அடித்த ஒன்று கம்பத்தில் பட்டுப் போயிற்று. ரெண்டுக்கு ஒன்று என்று முடிந்தது. கேளம்பாக்கம் பையன்கள் கோப்பையை வாங்கி உடனே கீழே வைத்துவிட்டார்கள். சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தால் தூக்கிக் காட்டத் தோன்றவில்லை போல.

நான் மேசைக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினேன். ஏழுமலை மேசைக்கு வந்தான். தாள் கேட்டான். செயலாளர் கொடுத்தார். பேனா கேட்டான். அவர் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். எனக்குத் தெரிந்த பேனா.

அவன் குனிந்து எழுதினான். நிதானமாக எழுதினான். நான் பூட்ஸிலிருந்து மணலைக் கொட்டினேன். ஒரு பூட்ஸில் அவ்வளவு மணல் இருக்கும் என்று நினைக்கவில்லை.

எட்டிப் பார்த்துச் சொல்லுங்கள் டீச்சர் என்றேன். டீச்சர் மேசை வரைக்கும் போய்த் தண்ணீர் குடிக்கிற மாதிரி நின்று படித்துவிட்டு வந்தார்.

"அவங்க ஊருக்கு எதிரா அவங்களே எழுதறாங்க அண்ணே."

கோலுக்குப் பின்னால் வலை காயப்போட்டது எங்கள் தவறு, அடுத்த வருஷம் இருபது அடி தள்ளி இருக்கும், இதற்காக மைதானத்தை மாற்ற வேண்டாம். இவ்வளவுதான் எழுதியிருந்தான். இவர்கள் ஊரில் இனி ஆட்டமே இல்லை என்று சங்கம் முடிவு செய்துவிடுமோ என்று அவனுக்குப் பயம். அவன் கவலை அவனுக்கு. என் கவலை எனக்கு.

செயலாளர் தாளை வாங்கிப் படித்தார். பிறகு எனக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டார், கோட்டில் நின்றவர் மேல் ஏதாவது உண்டா என்று.

ஏழுமலை என்னைப் பார்த்தான்.

"கையி வந்துச்சு. அத நான் சாவுற வரிக்கும் சொல்லுவேன். ஆனா நின்ன எடம் கரெக்டு சார். எங்க ஆளுங்கோ ஏறினப்ப இவரும் கூடவே ஏறியிருந்தா வலையப் பாத்திருக்க மாட்டாரு. ஏறல. அங்கியே நின்னாரு."

செயலாளர் பேனாவை வாங்கி மூடி போட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்தில் ஆட்டம், காலை ஏழு மணிக்கு வந்துவிடு என்றார். மேசைக்கு ஊரார் கொண்டுவந்து வைத்திருந்த சுறாப் புட்டை ஏழுமலை ஒரு தட்டில் அள்ளி என் முன்னால் வைத்தான்.

"துன்னு கேட்டு."

தின்றேன். நன்றாக இருந்தது.

இதுவரைக்கும் யாரிடமும் சொல்லாத ஒன்றை உங்களுக்குச் சொல்கிறேன். பின்வரிசை மேலே ஏறினபோது நானும் ஏறத்தான் பார்த்தேன். வருஷக்கணக்கான பழக்கம் அது. பந்தோடு கோல் கோடு வரைக்கும் ஓடினேன் என்று சொன்னேன் அல்லவா, அங்கே மணல். வலது கால் கணுக்கால் வரைக்கும் புதைந்துவிட்டது. அந்த நொடியில் எடுக்க முடியவில்லை. அதனால்தான் நின்றேன். ஏழுமலை புகழ்ந்த இடம் அதுதான். மறுத்துச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். வாயில் சுறாப் புட்டு இருந்தது.

ஆகவே நின்ற இடத்துக்கு எனக்குப் பெருமை வேண்டாம். அது மணல் கொடுத்தது. ரெண்டு வரைக்கும் எண்ணியது என்னுடையது. கை எழுந்தது என்று சாரிடம் சொன்னதும் என்னுடையது. புத்தகத்தில் தேடிப் பார்த்தேன். கால் புதையாமல் இருந்திருந்தாலும் அங்கேதான் நின்றிருக்க வேண்டும், கீப்பருக்கு நேராக. இப்போது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. யாராவது வெளியே போய் விழுந்தால் வரிசையோடு ஓடாதீர்கள். முதலில் விழுந்தவனை எண்ணுங்கள்.

அன்றைக்குச் சாயந்திரம் வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்து ஒரு கோடு போட்டேன். என்ன ஆச்சு என்றாள் மனைவி. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இருக்கிறது என்றேன். அவள் பேனாவை வாங்கி அந்தக் கோட்டுக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்தாள், எங்கிருந்து எண்ண வேண்டும் என்று தெரிவதற்காக.

போன மாசம் கொடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். முட்டி ஒத்துழைக்கவில்லை. கடைசி ஆட்டம் கடப்பாக்கத்தில்தான். வலை இருபது அடி தள்ளி இருந்தது. வீட்டுக்கு வந்து கடைசிக் கோட்டைப் போட்டுவிட்டு, அந்தப் புள்ளியிலிருந்து ரெண்டு பேரும் உட்கார்ந்து எண்ணினோம். ரெண்டு தடவை எண்ணினோம்.

முந்நூற்றுப் பன்னிரண்டு.